வெள்ளிக்கிழமைக் குழி

விழுகிற வரைக்கும் தமயந்தி அந்தக் குழியைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டு போனது வானத்தை...

ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அது. பெய்யலாமா வேண்டாமா என்று காலையிலிருந்தே மேகம் யோசித்துக்கொண்டிருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பின் தார் ரோடு முடிகிற இடத்தில், முந்திரி மரங்களுக்கு நடுவே, ஈச்சங்குப்பம் பஞ்சாயத்தின் செம்மண் ரோடு ஆரம்பமாகும். அந்த ரோட்டில்தான் தினமும் அவள் சைக்கிள் போகும். ஈச்சங்குப்பம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் சைக்கிள் மிதிப்பதை முதல் மாதம் ஊரே நின்று பார்த்தது. இப்போது மாடுகள் மட்டும்தான் பார்க்கின்றன.

நெற்றியில் ஒரு துளி விழுந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். அவ்வளவுதான்... முன் சக்கரம் எதிலோ இறங்கியது. ஹாண்டில்பார் கையை விட்டுத் திரும்பியது. அடுத்த நொடி அவள் ரோட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிபன் கேரியர் திறந்துகொண்டு, தயிர்சாதம் செம்மண்ணோடு சிநேகமாகியிருந்தது.

"அடி பட்டுச்சுங்களா?"

நிமிர்ந்தாள். முழங்கால் வரை செம்மண் ஏறிய காக்கி டிரவுசர். மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. காதில் செருகிய பென்சில். அதற்கு மேலே இரண்டு கண்கள்... அவற்றில் இருப்பது கவலையா சிரிப்பா என்று அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத எதுவும் தமயந்திக்குப் பிடிக்காது. அதனாலேயே கோபம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லை. சைக்கிளைப் பாருங்க."

அவன் சைக்கிளை அலாக்காகத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். அது சுற்றவில்லை.

"முன் வீலு எட்டாயிடுச்சுங்க. கோட்டம் எடுத்தாகூட நேராவறது சந்தேகந்தான்."

"இதெல்லாம் ஒரு ரோடா? பஞ்சாயத்துல ரோட்டைப் பார்க்கறதுக்குன்னே ஒரு ஓவர்சியர் இருக்காராம். அவர் எந்த மரத்தடியில தூங்கறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"எங்கே?"

"இன்னிக்குத் தூங்கலீங்க. உங்க சைக்கிளைப் புடிச்சிகினு நிக்கிறாரு."

தமயந்திக்குக் காது மடல் சுட்டது. ஆனால் பின்வாங்குவது அவள் வீட்டு வழக்கமில்லை. புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. நஷ்டஈடு உங்ககிட்டயே கேட்கலாம்."

"என்கிட்ட கேட்டு ஆவாதுங்க. பிரசிடெண்டுக்கு மனு குடுக்கணும். அப்பறம் நான் வந்து பாத்து ரிப்போர்ட் எழுதணும்."

"உங்க குழிக்கு நீங்களே ரிப்போர்ட்டா?"

"வேற ஆளு இல்லீங்களே..." என்றவன், பேச்சை விட்டுவிட்டுக் குழியின் அருகில் குந்தினான். சிரிப்பு போய்விட்டது. "ஆனா ஒண்ணு புரியலீங்க டீச்சர். இதை நான் திங்கக்கிழமைதான் மூடுனேன். தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு இடிச்சு இறுக்குனேன். மழையும் இல்ல. மண்ணு எங்க போச்சு?"

அவன் கேட்டது அவளை அல்ல, குழியை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தான். ஓரம் வெட்டுப்படவில்லை, அடியில் தண்ணீர் இல்லை. யாரோ கையால் வழித்து எடுத்த கிண்ணம் மாதிரி நடுவில் சுத்தமாக இருந்தது. தமயந்தியும் தன்னை அறியாமல் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

மண் எங்கே போயிருக்கும்...?

அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்தான். பெயர் பழனிவேல் என்று பிள்ளைகள் கூப்பிட்டதில் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டாள்.

* * *

தமயந்தியின் அப்பா நல்லசாமிக்குக் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். இங்கே நிலக்கரிச் சுரங்க ஆபீஸில் ஹெட்கிளார்க். பால் தண்ணீராக இருந்தால் பால்காரருக்கு மனு எழுதுவார். பேப்பர் தாமதமாக வந்தால் பேப்பருக்கு எழுதுவார். எழுதிவிட்டால் பதில் வருகிற வரைக்கும் ஓயமாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டில் சைக்கிள் சக்கரம் எட்டாகி வந்து நின்றால் சும்மா இருப்பாரா?

"ஏனுங்க, புள்ளைக்கு முட்டி தேஞ்சு போச்சு. மொதல்ல மருந்து போடுங்க" என்றாள் அம்மா புஷ்பவல்லி.

"முட்டி ஆறிப்போயிரும். மனுவை இன்னைக்கே கொடுக்கோணும்" என்றார் அவர்.

பஞ்சாயத்தே புதுச் சக்கரம் போட்டுத் தர வேண்டும், குழிக்குக் காரணமானவர் யார் என்று தெரிய வேண்டும் என்று மனு போனது. அதோடு விட்டாரா? பதில் வரும்வரை சைக்கிளை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். அது சாட்சியாம். சாட்சி வராந்தாவில் சாய்ந்து நின்றது. வாதி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், இரண்டாம் ஷிஃப்ட் சங்கு ஊதி வெகுநேரம் கழித்து, பழனிவேல் குவார்ட்டர்ஸ் தேடி வந்தான். ஜன்னல் வழியாக தமயந்தி பார்த்தாள். ரிப்போர்ட் எழுத வருகிறவரைப் பார்ப்பதில் தப்பில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டும் பார்த்தாள்.

கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

வாசலில் வெள்ளிக்கிழமை போட்ட கோலம். கோலம் மங்கியிருந்தாலும், சுற்றிக் கட்டிய செம்மண் கரை பளிச்சென்று இருந்தது. அவன் அதையே பார்த்தான். குனிந்து, ஒரு விரலால் கரையின் ஓரத்தைத் தொட்டு, விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்... ஊர் முழுக்கத் தேடிய ஆளைத் தன் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தவன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

தமயந்தி ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றாள். எங்கள் வாசலில் என்ன இருக்கிறது சிரிக்க?

அவன் உள்ளே வந்தான். கரையை மிதிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செடிகளை ஒட்டி, ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். பால்காரர், தபால்காரர், அப்பா, எல்லோரும் மிதித்துக்கொண்டுதான் வருவார்கள். இப்படி வந்தவரை அவள் பார்த்ததில்லை.

அப்பா குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். "மூடின குழி மறுபடி எப்படி வந்துது?"

அன்றைக்கு ரோட்டில் அத்தனை தவித்தவன், இப்போது தலையைக் குனிந்துகொண்டான். கண் மட்டும் ஒரு தடவை வாசலுக்குப் போய்த் திரும்பியது.

"தெரியலீங்க சார். நாளைக்கே திரும்ப மூடிடறேன்."

"நீ பர்மனென்டா?"

"டெம்பரவரிங்க. இந்த மாசம் ஆர்டர் வரணும். ரிப்போர்ட் நல்லா இருந்தா வரும்..."

"மறுபடி குழி விழுந்தா?"

"வீட்டுக்குப் போவ வேண்டியதுதாங்க" என்று சொல்லி அவன் மறுபடி சிரித்தான். இந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. அவள் கவனித்தாள்.

ஏதோ தெரியும் இவருக்கு. தெரிந்துகொண்டே தெரியாது என்கிறார். ஏன்? அன்று ராத்திரி சாப்பிடும்போது ரசத்துக்குப் பதில் மோரை ஊற்றிக்கொண்டாள் தமயந்தி.

* * *

அடுத்த வெள்ளிக்கிழமை காலை புஷ்பவல்லி வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அம்மிணி, இந்த வாரம் மண்ணைப் பாரு... குங்குமமாட்ட இருக்குது. இந்த ஊரு வந்து இப்படி ஒரு மண்ணு நான் பார்த்ததில்லை."

அம்மா கோலம் போடுவாள். கரை கட்டுவது தமயந்தியின் வேலை. செம்மண்ணைக் கரைத்துத் துணியால் தொட்டு அவள் இழுக்க இழுக்க, சிமெண்ட் வாசல் சிவந்தது. நிஜமாகவே நல்ல மண்.

கைச்சிவப்பு முழுதாகப் போகாமலே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். முந்திரி மரங்களைத் தாண்டியதும் நின்றாள்.

குழி இருந்தது. அதே இடம், அதே அளவு.

குழிக்குப் பக்கத்தில் பழனிவேலும் இருந்தான். இந்தத் தடவை அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"மூடலையா?"

"செவ்வாக்கிழமையே மூடினேங்க."

"அப்ப எங்கே போச்சு?"

"போவற இடத்துக்குப் போச்சு."

"ஓவர்சியர் சார், ஒண்ணு கேட்கலாமா? அன்னிக்கு எங்க வாசலைப் பார்த்து எதுக்குச் சிரிச்சீங்க?"

"கோலம் நல்லாருந்திச்சுங்க."

"கோலத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கமாட்டாங்க."

"எப்படிச் சிரிச்சேன்?"

அவளுக்குப் பதில் தெரியும். எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் அதைச் சொன்னால், நினைத்துப் பார்த்தது தெரிந்துவிடுமே... அவன் கண்கள் அவள் முகத்திலிருந்து இறங்கி, சிவந்திருந்த விரல்களில் நின்றன. அவள் கையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தாள்? அது அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா கேட்டார். "குழி மூடியாச்சா?"

பொய் சொல்லத் தெரியாத பெண். இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றிரவே இரண்டாவது மனு தயார். குழியை மூடியதாகக் கணக்குக் காட்டி, மண்ணை ஓவர்சியரே தின்றுவிட்டார், விசாரிக்க வேண்டும் என்று நல்லசாமியின் முத்து முத்தான கையெழுத்து சொன்னது. பஞ்சாயத்து பிரசிடெண்ட் அய்யாசாமி அடுத்த சனிக்கிழமை விசாரணை என்று நாள் குறித்துவிட்டார்.

வேலை போய்விடும். என் சக்கரத்துக்காக ஒருவருடைய வேலை... தமயந்திக்கு நெஞ்சு வலித்தது. கூடவே அந்தப் பழைய கேள்வியும் விடாமல் அரித்தது. மண் எங்கேதான் போகிறது?

இரண்டு தடவையும் வெள்ளிக்கிழமை காலைதான் குழி தெரிந்தது. அப்படியானால் வியாழக்கிழமை ஏதோ நடக்கிறது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளின் சிலேட்டுப் பாடத்தை நினைத்துக்கொண்டிருந்தாள், அதாவது நினைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். பலாப்பழம் ஏற்றிய வண்டிகள் பண்ருட்டிப் பக்கம் போயின. ஒவ்வொரு வண்டியும் மூடிய குழியின் மேல் ஏறி இறங்கும்போது, சிவப்பாக ஒரு புகை எழுந்து அடங்கியது.

வெயில் தாழ்ந்தது. கூடையும் முறமுமாக ஒரு பெண் வந்தாள். வாரா வாரம் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் செம்மண் விற்கிற வீராயி. ரோட்டின் நடுவில் குந்தி, சக்கரம் அரைத்துப் போட்ட பொடியைக் கையால் வழித்து வழித்துக் கூடையில் போட்டாள். பொடி தீர்ந்ததும், இளகிக் கிடந்த அடி மண்ணைச் சுரண்டினாள்.

தமயந்தி எழுந்து அருகில் போனாள்.

"வீராயி அக்கா... என்ன பண்றீங்க?"

"வா டீச்சரம்மா. வாசலுக்கு மண்ணு எடுக்கறேன்." அவள் முகத்தில் ஒளிவு மறைவே இல்லை. "காட்டுல எடுத்தா கல்லு. இடிக்கணும், சலிக்கணும், கை ஓஞ்சி பூடும். இங்க வண்டியே இடிச்சிக் குடுத்துடுது. மாவு கெட்டுது போ. ஆடி வெள்ளி ஆச்சே, உங்க பிளாக்குல ஒரு வூடு பாக்கியில்லாம கேக்கறாங்க. என்னோட இன்னும் ரெண்டு பேரு வருவாங்க."

தமயந்தி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். தன்னைக் கீழே தள்ளிய குழியைத் தன் கையாலேயே வாசலில் பூசியிருக்கிறாள். வாராவாரம். கரை நேராக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்து அழகு வேறு பார்த்திருக்கிறாள்.

"இது... ஓவர்சியருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? போன வாரம் பாத்துகினு நின்னுச்சு அந்தத் தம்பி. திட்டப் போவுதுன்னு பயந்துட்டேன். 'பாத்து எடுக்கா, வண்டி வருது'ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. தங்கமான புள்ள. முன்னல்லாம் சாதா மண்ணுதான் கொட்டும். இப்ப ரெண்டு தடவையா எங்கேருந்தோ குங்குமம் கெணக்கா கொண்டாந்து கொட்டுது."

தெரிந்தும் பேசாமல் இருக்கிறார். சொன்னால் வீராயிக்கு அபராதம், பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் தன் வேலை போகும். தமயந்தியின் கண்ணில் நீர் கோத்தது. ஆனாலும் ஒரு மூலையில் இன்னொரு கேள்வி எட்டிப் பார்த்தது. குழியை மூடுவதற்கு எதற்குக் குங்குமச் சிவப்பு?

* * *

"மனுவைத் திரும்ப வாங்கிருங்கப்பா."

எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். புஷ்பவல்லி வாயில் கை வைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி துடைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் எழுதின ஒரு எழுத்தைத் திரும்ப வாங்கினதில்லை. வழியில போற குழியை என் பொண்டாட்டியும் பொண்ணுமே வெலைக்கு வாங்கிப் பூசினாங்கன்னு நான் போய்ச் சொல்றதா? பிளாக்கே சிரிக்கும்."

"அவருக்கு வேலை போயிரும்ப்பா."

"அவன் வாயைத் திறந்து சொல்லட்டும். நீ இதுல தலையிடக் கூடாது. சனிக்கிழமை நான் மட்டும் போறேன்."

அப்பாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் போன பிறகு, புடவையை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினாள். அம்மா பார்த்தாள். "மழை வர்றாப்பல இருக்குது. குடையை எடுத்துக்க அம்மிணி" என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சாயத்து ஆபீஸ் பிரசிடெண்டின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பழனிவேல் சுவரோரம் நின்றிருந்தான். காதில் பென்சில் இல்லை.

"இன்னாப்பா பழனிவேலு, மூணாவது தடவையா கேக்கறேன்" என்றார் அய்யாசாமி. "மண்ணு கொட்டினது நெஜம்னா, கொட்டின மண்ணு எங்க? யாரு எடுத்தா? சொல்லு, உன்ன வுட்டுடறேன்."

"தெரியலீங்க."

"அப்ப நீதான் பதில் சொல்லணும். ஆர்டரை நிறுத்தச் சொல்லி பஞ்சாயத்து யூனியனுக்கு எழுதிடட்டுமா?"

அவன் எழுதட்டும் என்பது போல நின்றான்.

"மண்ணு எங்க வீட்டு வாசல்ல இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். வாசல்படியில் தமயந்தி நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"மனு கொடுத்தது என் சைக்கிளுக்காக. வண்டிச் சக்கரம் அரைச்ச மண்ணு மாவா இருக்கும். கோலத்துக்குக் கரை கட்ட அதை விலை கொடுத்து வாங்கினதும் நாங்கதான். நான் மட்டும் இல்லை, எங்க பிளாக்குல எல்லா வீடும். கேட்கறவங்க இருந்தாத்தானே எடுக்கறவங்க இருப்பாங்க? ஓவர்சியர் மேல தப்பில்லை. சக்கரமும் எனக்கு வேண்டாம்."

"வித்தது யாரு டீச்சர்?"

"அதைச் சொல்லமாட்டேன். சொன்னா, பிரசிடெண்ட் ஐயா, உங்க வீட்டம்மாவுக்குத்தான் சங்கடம். இப்ப வரும்போது பார்த்தேன்... உங்க வாசல்லயும் அதே மண்ணுதான்."

அய்யாசாமி மெதுவாக எழுந்து ஜன்னலுக்குப் போனார். தன் வீட்டு வாசலைப் பார்த்தார். குங்குமச் சிவப்பில் பட்டையாகக் கரை... அவருடைய தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்துகூட எங்க வூட்டுல சொல்லிச்சு, இந்த வருசம் மண்ணு நல்லாருக்குன்னு... டேய் பழனிவேலு, அந்த எடத்துல கப்பிக் கல்லு போட்டு மூடு. பொம்பளைங்களுக்குன்னு ரோட்டோரமா ரெண்டு வண்டி மண்ணு தனியா கொட்டிடு. ரோட்ட வுட்டுடட்டும்."

தமயந்தி அப்பாவைப் பார்க்கப் பயந்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது. மேஜை மேல் கையை நீட்டினார்.

"ஒரு வெள்ளைப் பேப்பர் கொடுங்க. மனுவை வாபஸ் வாங்கறதுக்கு ஒரு மனு எழுதோணும்."

எழுதினார். அதே முத்து முத்தான எழுத்து. தவறான தகவலின் பேரில் ஓவர்சியர் மீது சொன்ன குற்றத்துக்கு வருந்துகிறேன் என்ற வரியை எழுதும்போது மட்டும் பேனா நின்று நின்று போனது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளைப் பார்க்காமலே சொன்னார். "சாட்சி இனி தேவையில்லை. சைக்கிளைக் கொடுத்துச் சரி பண்ணிக்க."

ஷிஃப்ட் பஸ் பிடிக்க அவர் முன்னால் போய்விட்டார். தனியாக வர அவளை விட்டுப் போனது கோபத்திலா, நம்பிக்கையிலா... அதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

* * *

முந்திரி மரங்களுக்கு நடுவே நடக்கும்போது பின்னால் சைக்கிள் சத்தம். அவன் இறங்கி, தள்ளிக்கொண்டு, நாலு அடி தள்ளியே வந்தான்.

"டீச்சர்... ரொம்ப நன்றிங்க."

"நன்றி வேண்டாம். ஒரு கேள்விக்குப் பதில் வேணும்."

"கேளுங்க."

அவர்கள் குழியின் அருகே வந்திருந்தார்கள். அவள் நின்றாள். மழையின் முதல் துளிகள் செம்மண்ணில் பொட்டு வைத்தன.

"குழியை மூட எந்த மண்ணா இருந்தா என்ன? அவ்வளவு சிவப்பு எதுக்கு?"

பழனிவேல் ஹாண்டில்பாரையே பார்த்தான். தூறல் அவன் இமையில் தங்கி நின்றது. துடைத்துக்கொள்ளக் கூட இல்லை.

"மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அன்னிக்கு உங்க வாசல்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது, நான் கொட்டின மண்ணு எங்க போய்ச் சேருதுன்னு. அதுக்கப்பறம்... சாதா மண்ணைக் கொட்ட மனசு வரலைங்க. முத்தாண்டிக்குப்பத்துக்கு அந்தாண்ட ஒரு ஓடைக்கரை இருக்குது. அங்கேருந்து ஓட்டியாந்தேன்."

"மறுபடி குழி விழும்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க."

"வேலை போயிரும்னு தெரிஞ்சேவா?"

"அதுவும்தான். பிரசிடெண்டு கேட்டப்ப வீராயி அக்காவுக்காக மட்டும்தான் நான் வாய் தொறக்கலைன்னு நினைச்சிருப்பீங்க. இல்லீங்க... அந்தச் செவப்பு எதுக்குன்னு அடுத்தாப்பல கேட்டா, அதை அத்தினி பேரு முன்னால எப்படிச் சொல்றது? உங்க முன்னாலயே சொல்ல வரலை." அவன் மூச்சை இழுத்து விட்டான். "எங்கப்பா இந்தச் சுரங்கம் வரதுக்கு முந்தி இதே காட்டுல கூலிக்குப் போனவரு. மாசச் சம்பளம் வாங்கற மொத ஆளு எங்க வூட்டுல நான்தான். உங்கப்பா எங்க, நாங்க எங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. வாசல்ல மண்ணாவாவது இருந்துட்டுப் போவட்டும்னுதான்..."

அவனால் முடிக்க முடியவில்லை. அவளாலும் குடையை விரிக்க முடியவில்லை. மழை இருவரையும் சமமாக நனைத்தது.

"அந்தக் கரை கட்டறது அம்மா இல்லை" என்றாள் தமயந்தி. "நான்."

அவன் நிமிர்ந்தான்.

"எங்க வீட்டுக்கு வர்ற எல்லாரும் அதை மிதிச்சுட்டுத்தான் வருவாங்க. நான் திட்டிக்கிட்டே மறுபடி கட்டுவேன். நீங்க ஒருத்தர்தான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓரமா வந்தீங்க. ஏன் சிரிச்சார், ஏன் சிரிச்சார்னு அன்னியிலேருந்து நான் யோசிச்சதெல்லாம்... அதுக்காக மட்டும் இல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது. அவன் கண்களைப் பார்த்தாள். முதல் நாள் கவலையா சிரிப்பா என்று தெரியாமல் இருந்த கண்கள்... இரண்டுமே என்று இப்போது தெரிந்தது.

"உங்கப்பா..."

"ஆடி முடியட்டும். நானே கேட்கறேன்."

"ஒத்துக்கலைன்னா?"

"மறுபடி கேட்பேன். பதில் வர்ற வரைக்கும் ஓயமாட்டேன். நான் யாரு பொண்ணு?"

பழனிவேல் சிரித்தான். இந்தத் தடவை ஏன் என்று அவள் கேட்கவில்லை.

* * *

அடுத்த வெள்ளிக்கிழமை ரோட்டில் குழி இல்லை. ஓரத்தில் கொட்டியிருந்த குவியலிலிருந்து வீராயி மண் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதுவும் குங்குமச் சிவப்புதான். அப்பா ஆபீஸ் கிளம்புவதற்கு முன்பே தமயந்தி வாசலில் உட்கார்ந்து கரை கட்டிவிட்டாள்.

புஷ்பவல்லி வந்து பார்த்தாள். கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும், ஒரு ஆள் நடந்து வருகிற அகலத்துக்கு, கரை இல்லாமல் இருந்தது.

"இதென்ன அம்மிணி, நடுவுல பாக்கி கெடக்குது?"

"தெரிஞ்சுதான் விட்டேன்ம்மா. சுத்திக்கிட்டு வர வேண்டாம்னு."

யார் என்று அம்மா கேட்கவில்லை. கிண்ணத்தில் கரைத்த செம்மண் இன்னும் மீதமிருந்தது. அதையும் துணியையும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.